எங்கள் பக்கத்து வழக்கம்

அன்புராசா முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, மணலை அள்ளித் தட்டில் போட்டு அலசினான், கொட்டினான், மறுபடி அள்ளினான். கரையில் நின்றவர்கள், இவ்வளவு தங்க ஆசை பிடித்த மனிதனை இந்த ஏரி நெடுங்காலமாகக் கண்டிருக்காது என்று நினைத்திருப்பார்கள்.

தங்கம் கிடக்கிறது என்ற கதையைக் கேட்டு ஒரு காலத்தில் சனம் விழுந்தடித்து ஓடிவந்த வடக்கு ஏரி அது. இப்போது சுற்றுலாக்காரருக்கு ஆளுக்கொரு தட்டைக் கொடுத்து மணல் அலச விடுகிறார்கள். விடியுமுன் தங்கள் நகரமான மில்லிக்கனில் காரை எடுத்தவர்கள் வந்து சேர மத்தியானமாகிவிட்டது.

அன்புராசா தேடியது மனைவி பிரதீபாவின் தாலிக்கொடியை. குளிக்க இறங்குமுன், "கவனம்" என்று கைலேஞ்சியில் சுற்றி அவனிடம் கொடுத்திருந்தாள். மணல் அலசக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து விழுந்துவிட்டது என்றான் அவன்.

பிரதீபா ஈரத் துவாயோடு ஒரு கல்லில் இருந்து விம்மினாள். அவளுடைய தமையன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும் மனம் ஆறவில்லை.

"இருபத்தைஞ்சு வருசக் கொடி, அன்பு. திங்கட்கிழமை அழிச்சு, தங்கச்சிக்கு என்ரை பரிசா இன்னும் பவுண் சேர்த்துச் செய்விப்பம் எண்டெல்லோ இருந்தனான்."

அந்தத் திங்கட்கிழமைதான் அன்புராசாவின் தொண்டையில் சிக்கிய முள். சட்டைப்பையிலிருந்து எதுவும் விழவில்லை. படகுத்துறையின் நுனிக்குப் போய், யாரும் பாராத நேரம் ஆழத்துக்குள் அவனேதான் வீசியிருந்தான்.

வேலை போயிருந்த பனிக்காலத்தில், மினுக்கித் தருகிறேன் என்று வாங்கிப்போன கொடியை நகைக்கடையில் அடைவு வைத்துவிட்டு, அதே மாதிரி ஒரு கவரிங்கைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். பிறகு வேலை கிடைத்தும் மீட்க வழி பிறக்கவில்லை. அந்தக் கடை இருக்கும் தெருப்பக்கமே அவன் போவதில்லை.

கவரிங் பிரதீபாவின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாகப் படிந்தது. சோப் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தான். இந்தக் கோடையில் கழுத்து பழைய நிறத்துக்கு வந்தபோது, அந்தக் களிம்புக்கு மனதுக்குள் கும்பிடு போட்டான்.

தட்டார் கொடியை உரசிப் பார்த்தால் அவ்வளவுதான், மானம் கப்பலேறிவிடும். அத்தான் ஸ்ரீஸ்கந்தராசாவின் முகத்தில் விழிப்பதைவிட ஏரியில் விழுவது மேல் என்று நினைத்துத்தான் துறையின் நுனிவரைக்கும் போயிருந்தான். கொடியை வீசலாம் என்ற எண்ணம் அங்கே நின்றபோதுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து மாக்கஸ் என்ற வெள்ளைக்காரர் மெற்றல் டிடெக்டரோடு வந்து நின்றார். தண்ணீருக்கு அடியிலும் வேலை செய்யுமாம். மூழ்குவதற்கான உடுப்பும் ட்ரக்கில் இருக்கிறதாம். துறை நுனியில் தொடங்கிக் கரைவரைக்கும் தேடித் தருகிறேன் என்றார்.

பிரதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அன்புராசா தட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்ரீஸ்கந்தராசாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் அத்தான், அவரைப் போகச் சொல்லுங்கோ. தண்ணி கொண்ட தாலியைத் திருப்பி எடுக்கக்கூடாது. எடுத்தால் புருசனுக்குக் கூடாது."

"உப்பிடி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்படேல்லையே."

"உங்கட ஊரில இல்லை. எங்கட பக்கம் இருக்கு."

சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது, அதில் நடிப்பே இல்லை. புருசனுக்குக் கூடாது என்றதும் பிரதீபா திரும்பவும் கல்லில் போய் இருந்துவிட்டாள்.

ஸ்ரீஸ்கந்தராசா அரைமனதோடு அந்த வழக்கத்தை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். மாக்கஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக் கேட்டார். இனி இங்கே வர மாட்டேன், வேறு ஏரிக்குப் போகிறேன் என்று சொல்லி ட்ரக்கில் ஏறினார். கிறவல் பாதையில் ட்ரக் மறையும்வரை அன்புராசா பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்ரீஸ்கந்தராசா காரை எடுத்துவரப் போனார். பிரதீபாவின் அழுகை மட்டும் ஓயவில்லை. ஒன்றுக்கும் உதவாத கவரிங்குக்கு இவள் இப்படி உருகுகிறாளே என்று அன்புராசாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் போய் இருந்தான்.

"அழாதையும். ஒண்டு சொல்லுவன், அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதையும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது விழேல்லை. நான்தான் துறையில நிண்டு எறிஞ்சனான். அசலை நான் அடைவு வைச்சிட்டன் பிரதீபா. நீர் போட்டிருந்தது வெறும் கவரிங்."

பிரதீபாவின் அழுகை சட்டென்று நின்றது. ஏசுவாள், நாலு அடி போட்டாலும் வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்தான். அவளோ அவனைப் பார்க்காமல், மாக்கஸின் ட்ரக் போன பாதையையே பார்த்தாள்.

"கழுத்துக் கறுத்த உடனையே எனக்குத் தெரியும்," என்றாள். "அடைவுத் துண்டும் கண்ணில பட்டது. நீங்கள் குறுகிப்போவியள் எண்டுதான் வாய் திறக்கேல்லை. சனி ஞாயிறும் வேலைக்குப் போய்..."

"போய்?"

"அசலை மீட்டுக் கழுத்தில போட்டு ரெண்டு மாசமப்பா."