எண்பத்தெட்டுப் பேர்

"திருட்டுப் பயலே!"

உப்பளம் மாதா கோயில் வாசலில், ஞாயிறு பூசை முடிந்து வந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. கொளஞ்சி தன்னோடு படிக்கும் தனிஸ்லாசின் நோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

கோபம் வராதா பின்னே? பஞ்சாலைத் தூசியால் வரும் இருமல்தான் கொளஞ்சியின் ஆராய்ச்சி. அவன் குடும்பத்திலிருந்து, ஏன், அவன் தெருவிலிருந்தே வைத்தியக் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் அவன்.

"நூறு தொழிலாளியை விசாரிக்காம கட்டுரை கொண்டுவராதே" என்று சொல்லிவிட்டார் பிரெஞ்சுக்காரப் புரொபசர் முசே. நாளைக்குக் கடைசி நாள். கையில் இருப்பதோ பன்னிரண்டு பேர்.

பதின்மூன்றாவது ஆளிடம் பேசும்போது மேஸ்திரி பார்த்துவிட்டான். ஆலையில் வேலை செய்யும் கொளஞ்சியின் அம்மா ஆயம்மாவைக் கூப்பிட்டு, "உன் மவன் இன்னொரு தபா ஆலை கேட்டாண்ட நின்னான்னா, உனக்கு வேலை கெடையாது" என்று மிரட்டினான். அவளும், "இந்த இருமல் கதையே வேணாம்டா சாமி" என்று மகனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

இப்போது பார்த்தால், பெரிய வீட்டுப் பிள்ளை தனிஸ்லாஸ் சொகுசாக உட்கார்ந்து, ஆலைத் தொழிலாளிகளை ஒவ்வொருவராக நிறுத்தி இருமலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறான்!

"என் கேள்விய அப்படியே காப்பியடிச்சிருக்கியேடா! வெக்கமா இல்ல?"

"காப்பிதான். கேள்வி மாறினா உன் கணக்கு கெட்டுடாதா?" என்றான் தனிஸ்லாஸ். "உன்னால ஆலைப் பக்கம் போவ முடியாது. எங்கள எந்த மேஸ்திரி மிரட்டுவான்? வகுப்புல எட்டுப் பேரும் பிரிச்சுக்கிட்டோம். லூர்துநாதன் முதலியார்பேட்டையில வீடு வீடா போயிட்டு வந்துட்டான். எண்பத்தெட்டு ஆச்சு. உன் பன்னெண்டையும் சேத்துக்க. ஓடு, போய் எழுது!"

கொளஞ்சி நோட்டை இழுப்பதை நிறுத்தினான்.

"என்கிட்ட பயந்து ஓடினாங்களேடா... உங்ககிட்ட எப்படி வாயத் தொறந்தாங்க?"

"தொறக்கலையே! கடைசியில ஒரு அம்மாதான், 'வேலை போனா போவுது, மொதல்ல என்னை எழுது தம்பி'ன்னு வந்தாங்க. அப்புறம் அவங்களே மத்தவங்களையும் கூட்டியாந்தாங்க. மொதப் பக்கத்தப் பாரு."

கொளஞ்சி புரட்டினான். நீலமாக ஒரு கைநாட்டு. பக்கத்தில் தனிஸ்லாசின் எழுத்து:

'ஆயம்மா. ஆறு வருஷமாக இருமல். மகன் காதில் விழாமல் இருமுவதாகச் சொல்கிறார்.'