ஏழால் பெருக்கினால்

மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டர் வாய் நிறையக் கொட்டாவி விட்டதைப் பார்த்ததும் கணக்கு டீச்சருக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. இந்த ஆள் கையிலா உயிரைக் கொடுப்பது?

பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் அக்காவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மேஜையில் கண்ணை மூடிய அக்கா அப்புறம் திறக்கவே இல்லை. அந்தப் பயத்தில் டீச்சர் இரண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டிருந்தாள்.

"உதடு அசையுதே, பிரார்த்தனையாம்மா?"

"இல்ல டாக்டர், நம்பர். ஒண்ணு நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு. பயம் வந்தா இதைப் பெருக்கிட்டே இருப்பேன்."

"அதுல என்ன விசேஷம்?"

"ரெண்டால பெருக்கினா, ரெண்டு எட்டு அஞ்சு ஏழு ஒண்ணு நாலு. மூணால பெருக்கினா, நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு ஒண்ணு. ஆறு வரைக்கும் அதே ஆளுங்கதான். முதல்ல நிக்கிற ஆள் மட்டும் மாறுவாங்க."

"அட! அப்ப ஏழால பெருக்கினாலும் அதேதான்."

"இல்ல, ஏழால மட்டும்..."

"அதேதான்மா. இதுக்கெல்லாம் பெருக்கிப் பார்க்கணுமா என்ன?" சொல்லிக்கொண்டே அவள் கையில் மாட்டியிருந்த குழாயில் மருந்தை ஏற்றினார்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. போட்டுப் பார்க்காமல் விடை சொல்கிறாரே மனுஷன்!

தலைக்கு மேலிருந்த விளக்கு பஞ்சாய் விரிந்தது. அந்த வெள்ளையில் ஆறு எண்களும் கைகோத்துச் சுற்றின. ஒன்று நகர்ந்தது, நாலு முன்னால் வந்தது. நாலு நகர்ந்தது, ரெண்டு வந்தது. ஓசையே இல்லாத ராட்டினம். ஏழு என்று யாரோ கூப்பிட்டதும் ஆறும் கையை விட்டன. ஒவ்வொன்றாக ஒன்பதாகி, தலை நிமிர்ந்து வரிசையில் நின்றன.

பாருங்க டாக்டர், எல்லாமே ஒன்பது! சொல்ல வாயெடுத்தாள். நாக்கு புரளவில்லை. இருக்கட்டும், எழுந்து வந்து வெச்சுக்கறேன் என்று கறுவிக்கொண்டே மிதந்து போனாள்.

"ஒன்பது!"

"இல்ல டீச்சர், மணி பன்னிரண்டு," என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"மணி இல்லம்மா, விடை. ஆறு ஒன்பது. பெருக்கலே தெரியாம அவர் எப்படி மருந்து அளக்கறார்?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவருக்கா தெரியாது? நீங்க கண்ணசந்ததுமே, 'ஆறு ஒன்பது வரும், பாவம், டீச்சரைச் சொல்ல விடலை'ன்னார். உள்ள வரும்போது முழிக்கவே மாட்டேன்னு நடுங்கினீங்க. தூங்கும்போது, 'எழுந்து வந்து வெச்சுக்கறேன்'னு முணுமுணுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

டீச்சர் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பக்கத்து ஆபரேஷன் அறையின் கதவு ஒரு நிமிஷம் திறந்தது. உள்ளேயிருந்து அதே டாக்டரின் குரல் கேட்டது.

"ஏன் தையல்காரரே, சட்டையைத் தைச்சு முடிச்சப்புறம்தானே அளவெடுக்கணும்?"

"யோவ்... எந்த மடையன்யா... சொன்னது..." என்று சீறிய குரல், பாதியிலேயே குழைந்து தூங்கிப் போனது.