ஒன்றையும் சொல்ல மாட்டேன்

ஐந்தெழுத்தில், ஒரே மாதிரி முடியும் ஆங்கிலச் சொற்களை அட்டை அட்டையாக நீட்டினாள் நோலா.

"லைட்னா வெளிச்சம். நைட்னா ராத்திரி. ஃபைட்னா... அது உனக்கே நல்லாத் தெரியும். ஒண்ணையாவது சொல்லித் தொலையேன், எருமை!"

பக்கவாதத்தில் என் பேச்சு போயிற்று, பிடிவாதம் போகவில்லை. ஹோபார்ட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"இதைச் சொல்லிட்டா நாளைக்கே வீட்டுக்குப் போகலாம், டெஸ்" என்று ஆசை காட்டினாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண்.

ஊஹூம்.

"அப்போ நாளைக்கும் நான் பூசணி சூப்பைத் தூக்கிட்டு வரணும்!" முறைத்துவிட்டுப் போனாள் நோலா.

"உங்க மனைவிக்கு ரொம்பப் பொறுமை" என்றாள் பயிற்சிப் பெண்.

"முன்னாள் மனைவி" என்றேன், தெளிவாக. "விவாகரத்தாகி ஆறு வருஷம். எனக்குப் பேச வந்துடுச்சுன்னு தெரிஞ்சா அவ நாளைக்கு வரமாட்டா. நீ மூச்சு விட்டே, மறுபடி ஊமையாயிடுவேன்!"