கேட்கக் கூடாத பேச்சு

கரைக்கு இன்னும் நாலு அடிதான் இருந்தது.

எங்கள் சீன நாடக மேடையில் படகு கிடையாது, ஆறும் கிடையாது. டௌ கெங் கையில் ஒரு துடுப்பு, அவ்வளவுதான். அவன் முழங்காலை மடக்கினால் அவன் பெண்டாட்டி, என் தங்கை யூன்ஷியூ எழும்ப வேண்டும். அவள் தாழ்ந்தால் அவன் எழும்ப வேண்டும். அப்போதுதான் பார்ப்பவர்களுக்கு அலை தெரியும்.

அலையில் குறையில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பதினோரு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை.

குழுவே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தபோது, அவள் குரலை உடைந்த பானை என்று சொல்லிச் சிரித்தான் மகாபாவி. கோமாளி வேடக்காரனுக்கு மேடையை விட்டு இறங்கினாலும் வாய் அடங்காது. பட்டது போதும், வேறு குழுவில் சேர்ந்துகொள்ளலாம் என்று அவளுக்கும் எனக்குமாகப் பேருந்துக்கு இரண்டு சீட்டு வாங்கியவன் நான்தான். இந்தக் கோயில் விழா ஆட்டம் முடிந்ததும் கிளம்ப வேண்டியது. இனி இவர்களுக்கு என் இடத்தில் உட்கார்ந்து முரசை எவனாவது அடித்துக்கொள்ளட்டும்.

கரை வந்தால் அவள் இறங்கிவிடுவாள். காட்சியும் முடிந்துவிடும்.

அப்போது டௌ கெங் ஒரு கையை முகத்தருகே உயர்த்தினான். கை உயர்ந்தால் அந்தப் பேச்சு சபைக்கு மட்டும். பக்கத்தில் நிற்பவருக்கு அது கேட்காது, கேட்கவும் கூடாது.

“ஊர்க்காரங்களே, இவ குரலை உடைஞ்ச பானைன்னு சொன்னேங்க. இவ பாடலைன்னா எனக்குத் துடுப்பு போடவே கை வராது. இதை இவகிட்டச் சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது.”

நாடகத்தில் இல்லாத வரி. கோமாளிக்கு அந்த உரிமை உண்டு. எந்தக் காலத்திலோ பேரரசரே மூக்கில் வெள்ளை பூசிக்கொண்டு கோமாளியாக ஆடினாராம். அன்றிலிருந்து இவர்களைக் கேட்பாரில்லை.

கூட்டம் சிரித்தது.

யூன்ஷியூ ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். மனப்பாடம் செய்ததற்கு மேல் மேடையில் ஒரு சொல் பேசியறியாதவள். மெல்லத் தன் நீளமான வெள்ளைச் சட்டைக் கையை முகத்தருகே உயர்த்தினாள்.

“இந்த ஆளுக்குப் படகைத் திருப்பத் தெரிஞ்சா, நான் ஏங்க இறங்கப்போறேன்?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

விதிப்படி அவனுக்கு அது கேட்டிருக்க முடியாது. எதுவும் கேட்காத முகத்தோடுதான் அவனும் நின்றான். ஆனால் துடுப்பு மறுபக்கம் விழுந்தது. படகு திரும்பியது.

எனக்கும்தான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் படகு ஓடும்போது முரசு சும்மா இருக்க முடியுமா? பயணத் தாளத்தை முதலிலிருந்து எடுத்தேன்.