தரைப்பாலத்துக்கு முன்னால்

முத்துப்பேச்சி ஒரு சின்ன வேன். அன்றைக்கு அவள் முதுகில் கூடை கூடையாகக் கோழிக்குஞ்சுகள். கொட்டுகிற மழையில் ஊர்ந்து ஊர்ந்து தரைப்பாலம் வரை வந்தவள், அங்கேயே நின்றுவிட்டாள். பாலத்துக்கு மேலே செம்மண் வெள்ளம் சுழித்துக்கொண்டு ஓடியது.

பின்னால் வந்த லாரி சங்கிலியாண்டி ஹாரனை அலறவிட்டான். "ஏம்மா, வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறே? பாதிச் சக்கரம்கூட நனையாது, இறங்கு!"

"ஓரக்கல் ஒண்ணுகூடத் தெரியலையே அண்ணே. ரோடு எங்க இருக்குன்னே தெரியாம எப்படி இறங்குறது?"

"பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் எதுக்கு நாலு சக்கரம்?"

முத்துப்பேச்சிக்கு அவமானத்தில் இன்ஜினே கொதித்தது. ஒரு கணம் முன்னால் உருளவும் செய்தாள். கூடைக்குள் குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தின. சட்டென்று பிரேக்கை இறுக்கிக்கொண்டாள்.

"எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோங்க அண்ணே. நான் இறங்கமாட்டேன்."

அவனும் திட்டித் தீர்த்தான். ஒருவழியாக மழை ஓய்ந்தது. வெள்ளம் மெல்ல வடிந்தபோது இருவரும் பார்த்தார்கள். நடுவில் ஒரு பஸ்ஸே விழுகிற அளவுக்குப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது.

முத்துப்பேச்சி கண்ணாடியில் கூடைகளைப் பார்த்துக்கொண்டாள். குஞ்சுகள் அத்தனையும் பத்திரம்.

சங்கிலியாண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, அவள் திரும்புவதற்கு இடம் விட்டான்.

"சுத்து வழி தெரியுமா, தாயி?"

"தெரியும் அண்ணே. ஆனா ரொம்ப தூரம்."

"இருக்கட்டும். நீ முன்னால போ. நான் உன் பின்னாலயே மெதுவா வர்றேன்."