விற்பனையில் இல்லாத கெட்டில்

“மூணாவது தடவை பிளஸ்ஸை அழுத்தினா கெட்டில் பெருசாகல, அண்ணே. அடுத்த படத்துக்கு ஓடிடுது.”

மார்ச் ஒன்பது, மாலை நாலே கால். வெளியே விட்டுவிட்டுத் தூறல். பாத்திரங்களை இணையத்தில் விற்கும் அந்த நிறுவனத்தில் இணையதளப் பிழை திருத்தும் அவளுக்கு அன்றோடு பயிற்சிக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமா, இல்லையா என்று முதலாளியம்மா கையெழுத்திட வேண்டும். அதற்குள் தீர்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு புகார்: கைபேசியில் ஸ்டீல் கெட்டிலின் படத்தை முழுதாகப் பெரிதாக்க முடியவில்லை. பெயர் போடாமல் யாரோ வாராவாரம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“பிலிம் காலத்துப் படம் அது. அந்தக் கெட்டில் வித்து முடிஞ்சே எத்தனையோ வருஷமாச்சு,” என்றார் பக்கத்து மேசைக்காரர். படங்களைத் திருத்துபவர், தடித்த கண்ணாடியின் தயவில் அலுவலகம் முழுவதற்கும் சோடாபுட்டி. “வேலவெட்டி இல்லாத எவனோ விளையாடுறான், தங்கச்சி.”

“அப்புறம் ஏன் அது இன்னும் சைட்டுல கிடக்குது?”

“யாரும் எடுக்கச் சொல்லல. நானும் எடுக்கல.”

அவள் மறுபடியும் திரைமுன் குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் கோளாறு பிடிபட்டது. படம் பெரிதாகும்போது, அடுத்த படத்துக்கான அம்புக்குறியின் கண்ணுக்குத் தெரியாத எல்லையும் கூடவே வீங்கி, பிளஸ் பொத்தானின்மேல் படுத்துக்கொண்டிருந்தது. விரல் பிளஸ்ஸை அழுத்த, அம்பு விழித்துக்கொண்டது. எல்லையை அதன் இடத்திலேயே கட்டிப்போட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தாள்.

மூன்றாவது அழுத்தலுக்குப் படம் ஓடவில்லை. நான்காவதில் கெட்டிலின் வயிறு திரையை நிறைத்தது.



கெட்டிலுக்குள் ஓர் அறை இருந்தது. வளைந்த ஜன்னல், அதில் வெயில், நாற்காலியில் கழற்றிப் போட்ட சட்டை. கேமராவுக்குப் பின்னால் பனியனோடு ஒருவர். அவர் பக்கத்தில் ஸ்டூல்மேல் ஒரு சிறுமி, பிடிக்க வேண்டிய வெள்ளைத் துணியைக் கீழே விட்டுவிட்டு, வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கடுகளவு இடத்தில் ஒரு முழுப் பகல்.

“அண்ணே, இங்க வாங்களேன்.” தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் அவள் குரல் தானாகத் தாழ்ந்தது.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இத்தனை வருஷமா நம்ம கூடவே இருந்திருக்காங்க,” என்றார். பிறகு தொழில்புத்தி திரும்பியது. “ஆனா இது கத்துக்குட்டி வேலை. பளபளக்கிற சாமானைத் துணியால மறைச்சுத்தான் எடுக்கணும். இல்லேன்னா எடுக்கிறவன் மூஞ்சி அதுல விழும். படத்தையே தூக்கிடச் சொல்லி எழுதிக் குடு. புகாரும் போயிடும், உனக்கு வேலையும் கிடைச்சிடும்.”

அவளுக்கு மனம் வரவில்லை, வேலையும் வேண்டியிருந்தது. படத்தை நீக்க அனுமதி கேட்டு எழுதினாள். கடைசியில், யாரும் கேட்காமலேயே ஒரு வரி சேர்த்தாள்: ‘இப்போது முழுதாகப் பெரிதாகிறது, நீக்காமலும் இருக்கலாம்.’

முதலாளியம்மா சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. அவள் நீட்டிய தாளை வாசித்தார். தம் கைபேசியை எடுத்தார். பிளஸ்ஸை ஒவ்வொரு தடவையாக, நிதானமாக அழுத்தினார். நான்காவதில் விரல் நின்றது.

பிறகு பேனாவைத் திறந்து, அவள் கொடுத்த தாளின் குறுக்கே ‘கூடாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவிலும் கையெழுத்திட்டு, இரண்டையும் நீட்டினார்.

“சரியாயிடுச்சுன்னு புகார் குடுத்தவங்க இன்னும் சொல்லலையே, மேடம்.”

“சொல்லியாச்சுன்னு போட்டுக்கம்மா. அன்னைக்குத் துணியைக் கீழ விட்டதுக்கு அப்பாகிட்ட நல்லாத் திட்டு வாங்கினேன். ஊரையெல்லாம் படம் எடுத்த மனுஷர் தானும் விழுந்த ஒரே படம் இதுதான்.”