ஆமையக்காவின் அரிப்பு

ஆமைக்கும் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்த காலத்திலே, ஓர் ஆமை கழுத்தெல்லாம் தடித்து, அரிப்புத் தாங்காமல் மருந்துக்கடை மைனாவிடம் வந்ததாம்.

“தம்பி, மாத்திரையில கலர் கலந்திருக்கானு பாரு. கலந்திருந்தா இன்னியோட இதைத் தலைமுழுகிடுவேன்.”

மைனா அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தது. “ஒரு சாயமும் இல்லையே, ஆமையக்கா. இதோட வேற என்ன சாப்பிடுறீங்க?”

“வெறும் வயித்துல போட்டுட்டு அரை மணி நேரம் பட்டினி கிடக்கேன். அப்புறம், பொறுத்துக்கிட்டதுக்காக ரெண்டே ரெண்டு ஜாங்கிரி.”

மைனா ஆமையின் விரல்களையே பார்த்தது. ஆமையும் குனிந்து பார்த்தது. நகம்வரை ஜாங்கிரியின் கேசரிப் பவுடர் நிறம் ஏறியிருந்தது.

“காலு மட்டுந்தான் மெதுவா நடக்குதுன்னு நெனச்சேனே, மூளையுமா!” என்று ஆமை தலையில் அடித்துக்கொண்டது.

குறுக்கு வழியில் மிட்டாய்க்கடை இருந்ததால், மாத்திரையை எடுத்துக்கொண்டு, ஊரைச் சுற்றிப் போகும் பாதையில் நடந்தது.